பக்கத்துக் கட்டடத்துக்கு மண்ணுக்கடியில் போன், நெட் லைன் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்து பின்கட்டுக்கு, ஆபீசிலிருந்து குடோனுக்கு என்று போன் லைனும் நெட் லைனும் மண்ணுக்கடியில் கொண்டுபோகிற வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறேன். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி அதேதான். பாதிப்பேர் பள்ளத்தை மூடிவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயால் கேட்டபடியே இருக்கின்றன.

1. பின்னாடி கட்டடத்துக்கு முப்பது மீட்டர்தான். வீட்டு வயரிங்ல மிஞ்சின லேன் கேபிளையே புதைச்சிட்டா என்ன?

புதைத்த அன்று நன்றாகவே வேலை செய்யும். சில இடங்களில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் பலரும் துணிகிறார்கள். வீட்டுக்குள் ஓடுகிற கேபிளின் மேலுறை பிவிசி. மண்ணில் கிடந்தால் அது மெல்ல மெல்ல ஈரத்தை உள்ளே விடும். உள்ளே போன ஈரம் திரும்பி வெளியே வர வழியில்லை. கம்பி ஜோடிகளைச் சுற்றிக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் சிக்னல் வழியிலேயே தேய்ந்துபோகும்.

அப்படிப் போன ஒரு கேபிளை வெட்டிப் பார்த்தேன். வெட்டிய முனையைக் கீழே சாய்த்ததும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. எட்டுக் கம்பிகளின் நுனியிலும் பச்சை பூத்திருந்தது. மேலுறையிலோ ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கே ஓட்டை என்று. ஓட்டையே தேவையில்லை, உறையே போதும்.

2. அப்ப புதைக்கறதுக்குன்னே தனிக் கேபிள் இருக்கா? வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிக்கறது?

இருக்கிறது. மேலுறை பாலிஎத்திலீன், பெரும்பாலும் கருப்பு நிறம். தொட்டால் பிவிசியைவிட விறைப்பாக, வழவழப்பாக இருக்கும். உள்ளே கம்பிகளைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஜெல் நிரப்பியிருப்பார்கள், அல்லது தண்ணீர் பட்டால் ஊதி வழியை அடைக்கிற டேப் சுற்றியிருப்பார்கள். கருப்பாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வெயிலைத் தாங்குகிற கேபிளும் கருப்புதான், அது மண்ணைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. நேரடியாகப் புதைக்க ஏற்றது என்று உறையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

செம்புக் கேபிள் வாங்குவதானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். நுனியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு முறை வளைத்தால் ஒடியும். அதை மண்ணுக்குள் வைத்து மூட வேண்டாம்.

3. எவ்வளவு தூரம் வரைக்கும் போகும்?

செம்பு லேன் கேபிளுக்கு 100 மீட்டர். கேபிளின் ரகம் கேட் 5இ ஆனாலும் கேட் 6 ஆனாலும் அதேதான். அந்த நூறில் நிலையாகப் பதிக்கிற கேபிள் 90 மீட்டர், இரண்டு முனையிலும் கருவியில் செருகுகிற குட்டைக் கேபிள்களுக்கு (பேட்ச் கார்டு) 10 மீட்டர் என்பது கணக்கு. 10 ஜிகாபிட் வேகம் வேண்டுமென்றால் கேட் 6 கேபிள் 55 மீட்டரோடு நின்றுவிடும், கேட் 6ஏ முழு நூறும் போகும். சாதாரண போன் லைனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கிலோமீட்டர் கணக்கில் போகும். ஃபைபரில், அதாவது ஒளியை அனுப்புகிற கண்ணாடி இழைக் கேபிளில், கட்டடத்துக்குக் கட்டடம் என்கிற அளவுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

தூரத்தை அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு டேப் பிடித்தால் 70 மீட்டர் வரும். மாடியில் இருக்கிற ரூட்டரிலிருந்து கீழே இறங்கி, பள்ளத்தில் வளைந்து, அந்தப் பக்கம் ஏறி, மூலையில் இருக்கிற மேசை வரை போனால் 110 ஆகிவிடும். கேபிள் போகிற வழியையே அளக்க வேண்டும்.

4. செம்பா, ஃபைபரா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஃபைபர். நெட்டுக்கு என்றால் எனக்கு இதில் தயக்கமே இல்லை. வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, இடிக்காகத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

எங்காவது பக்கத்தில் இடி விழுந்தால் அந்த மின்சாரம் மண்ணில் பரவும். விழுந்த இடத்தை ஒட்டிய மண்ணில் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும், தள்ளிப் போகப் போகக் குறையும். அந்த நேரத்தில் இந்தக் கட்டடத்தின் எர்த்துக்கும் அந்தக் கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் நிற்கும். இரண்டையும் இணைத்து ஒரு செம்புக் கம்பி கிடந்தால் அந்த வித்தியாசம் அதன் வழியாகத்தான் பாயும். பாய்கிற பாதையில் இருப்பது உங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு நெட் லைனைப் பல கருவிகளுக்குப் பிரிக்கிற பெட்டி), ரூட்டர், அதில் செருகியிருக்கிற கம்ப்யூட்டர். கட்டடத்தின்மேல் நேராக விழ வேண்டும் என்றுகூட இல்லை.

ஒரு இடிமழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். பின்கட்டுக்குச் செம்புக் கேபிள் போன போர்ட்டில் தங்க நிறமாக இருக்க வேண்டிய கால்கள் கரியாக இருந்தன. அந்த ஸ்விட்ச்சும் மறுமுனையில் இருந்த ஸ்விட்ச்சும் போய்விட்டன. அதே ரேக்கில் மூன்றாவது கட்டடத்துக்கு ஃபைபர் போயிருந்தது. அதன் மீடியா கன்வர்ட்டரில் (ஃபைபரை லேன் கேபிளோடு சேர்க்கிற பெட்டி) பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, அவ்வளவுதான் விஷயம். நாளைக்கு வேகம் கூட்ட வேண்டுமானாலும் இரண்டு முனையில் இருக்கிற கருவியை மாற்றினால் போதும், மண்ணைத் தொட வேண்டாம்.

5. ரெண்டு கட்டடத்துக்கும் ஒரே மீட்டர்ல இருந்துதான் கரண்ட் போகுது. அப்பவும் எர்த் வித்தியாசம் வருமா?

சாதாரண நாளில் வராது, அல்லது மிகக் கொஞ்சம்தான் வரும். இடி நேரத்தில் வரும். மண்ணில் பரவுகிற மின்சாரத்துக்கு உங்கள் மீட்டர் ஒன்றா இரண்டா என்பது கணக்கில்லை, இரண்டு கட்டடமும் நிற்கிற மண்தான் கணக்கு. தவிர, நீளமான கம்பி மண்ணில் கிடந்தால் பக்கத்தில் மின்னும் இடி அதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதற்கு இரண்டு எர்த்தும் ஒன்றாக இருந்தாலும் தப்பிக்க முடியாது.

6. சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டிட்டா செம்பே போதும்னு ஒருத்தர் சொல்றாரே?

சர்ஜ் ப்ரொடெக்டர் என்பது கேபிளில் திடீரென ஏறுகிற வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுகிற சிறு கருவி. ஏற்கெனவே செம்பு கிடக்கிறது, மாற்ற முடியாது என்றால் கட்டாயம் மாட்டுங்கள். ஆனால் இரண்டு முனையிலும் மாட்ட வேண்டும், கேபிள் கட்டடத்துக்குள் நுழைகிற இடத்திலேயே மாட்ட வேண்டும், அதன் எர்த் கம்பியை அந்தக் கட்டடத்தின் மெயின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். அந்தக் கம்பி எவ்வளவு குட்டையாக, நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஐந்து மீட்டர் சுற்றி வளைத்துக் கொண்டுபோய் எர்த்தில் கட்டினால் மாட்டியதில் பலன் இருக்காது. தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்து அதில் கட்டுவதும் தப்பு, அது மூன்றாவது எர்த் ஆகிவிடும்.

ஜிகாபிட் வேகத்துக்கும், கேபிள் வழியே மின்சாரம் அனுப்புவதானால் அதற்கும் ஏற்ற ப்ரொடெக்டரா என்று பார்த்து வாங்குங்கள். புதிதாகப் பள்ளம் தோண்டுகிறவர்கள் இத்தனை பாடுபட வேண்டியதே இல்லை, 4-வது பதிலைப் பாருங்கள்.

7. ஃபைபர்னாலே பயமா இருக்கு. என்னென்ன வேணும், யார் ஒட்டித் தருவாங்க?

ஒட்ட வேண்டாம். தேவையான நீளத்துக்கு, இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டே கிடைக்கிறது. வழியை அளந்து, அதோடு பத்து மீட்டர் சேர்த்து வாங்கி, மிச்சத்தைப் பெரிய வளையமாகச் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். இழுக்கிற முனையில் கனெக்டர்களை மூடி ஒரு உறையும் அதில் கயிறு கட்ட வளையமும் இருக்கிற வகையாகப் பாருங்கள். கனெக்டரையே பிடித்து இழுத்தால் இழை அறுந்துவிடும்.

இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மீடியா கன்வர்ட்டர். ஒரு பக்கம் ஃபைபர், மறு பக்கம் சாதாரண லேன் கேபிள். செட்டிங் எதுவும் கிடையாது, செருகினால் வேலை செய்யும். ஸ்விட்ச்சிலேயே ஃபைபர் மாட்யூல் செருகுகிற எஸ்எஃப்பி துளை இருந்தால் கன்வர்ட்டர் வேண்டாம், அதற்கான மாட்யூலைச் செருகினால் போதும். ஒரே இழையில் இரண்டு திசையும் போகிற வகை வாங்கினால் அது ஜோடியாகத்தான் வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550-ல் அனுப்பும். இரண்டு முனையிலும் ஒரே ரகத்தைச் செருகிவிட்டு, ஃபைபர் வேலை செய்யவில்லை என்று அழைத்தவர்கள் உண்டு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கருவியில் செருகிய ஃபைபரின் மறுமுனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

8. சிங்கிள் மோடா, மல்டி மோடா? எத்தனை கோர்?

புதிதாகப் போடுவதானால் சிங்கிள் மோட், அதாவது ஒளி ஒரே பாதையில் போகிற மெல்லிய இழை. மல்டி மோடில் பல பாதையில் போகும். 10 கிலோமீட்டர் வரை போகிற சாதாரண மாட்யூலை 30 மீட்டருக்குப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. 40, 80 கிலோமீட்டர் மாட்யூல்களை மட்டும் இவ்வளவு அருகில் நேராகப் போடக் கூடாது, எதிர்முனையில் ஒளியை வாங்குகிற பகுதி கெட்டுவிடும். ஏற்கெனவே மல்டி மோட் கருவிகள் வைத்திருப்பவர்கள் ஓஎம்3 ரகம் போடலாம், 10 ஜிகாபிட்டுக்கு 300 மீட்டர் வரை தாங்கும். இரண்டையும் கலக்கக் கூடாது.

கோர் என்பது கேபிளுக்குள் இருக்கிற ஒரு இழை. தேவை இரண்டு கோர்தான். நான் நான்குக்குக் குறைந்து போடுவதில்லை. ஒரு இழை போனால் அடுத்ததில் மாற்றிச் செருகிவிட்டு வந்துவிடலாம்.

9. லேண்ட்லைன் போனை அங்க கொண்டு போகணும். ஃபைபர்ல போன் போகுமா?

நேராகப் போகாது. சாதாரண போன் செம்பு ஜோடியில் வருகிற 48 வோல்ட்டில்தான் இயங்குகிறது, கண்ணாடியில் அது வராது. இதற்கு இரண்டு வழி. முதல் வழி, குரலையும் நெட்டாக மாற்றிவிடுவது. அந்தக் கட்டடத்தில் நெட் வழியாகவே பேசுகிற ஐபி போன் ஒன்று வைக்கலாம், அல்லது பழைய போனையே ஏடிஏ என்கிற சிறு பெட்டியில் செருகி, பெட்டியை ஸ்விட்ச்சில் செருகலாம். ஒரு குரல் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ் அளவுதான் செலவாகும். ஜிகாபிட் ஃபைபரில் அது ஒரு பொருட்டே இல்லை. இன்டர்காமுக்கும் இதே வழிதான்.

இரண்டாவது வழி, அதே பைப்பில் ஜெல் நிரப்பிய டெலிபோன் கேபிள் ஒன்றையும் சேர்த்து இழுப்பது. ஒரு லைனைப் பல போன்களுக்குப் பிரிக்கிற பழைய மாடல் எக்ஸ்சேஞ்ச் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. ஆனால் அதுவும் செம்புதான் என்பதை மறக்க வேண்டாம், 6-வது பதிலில் சொன்ன ப்ரொடெக்டர் அதற்கும் இரண்டு முனையிலும் வேண்டும். ஃபைபர் போட்டுவிட்டு, பக்கத்திலேயே காப்பில்லாத போன் கம்பி ஒன்றையும் இழுத்தால், மூடிய கதவை மறுபடி திறந்துவைத்த கதைதான்.

10. ஒரு லேன் கேபிள்ல நாலு ஜோடி இருக்கு. ரெண்டை நெட்டுக்கும் ஒண்ணைப் போனுக்கும் பிரிச்சுக்கலாமா?

100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும், நீலமும் பழுப்பும் சும்மாதான் இருக்கும். அதனால் முடியும் என்பது உண்மை. ஆனால் ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், அதை நிரந்தரமாக இழக்கிறீர்கள். போன் மணி அடிக்கும்போது அந்த ஜோடியில் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி ஓடும். பக்கத்து ஜோடியில் போகிற டேட்டா அந்த நேரத்தில் தடுமாறலாம். என்றாவது ஒருவர் விவரம் தெரியாமல் அந்த முனையில் எட்டுக் கம்பியையும் சேர்த்து கிரிம்ப் செய்து (கனெக்டரில் அழுத்திப் பொருத்தி) ஸ்விட்ச்சில் செருகினால், மணி அடிக்கிற வோல்டேஜ் நேராக போர்ட்டுக்குள் போகும்.

பள்ளம் தோண்டியாயிற்று, இன்னொரு கேபிள் போட இடம் இருக்கிறது. பிரிக்காதீர்கள், தனித்தனியாகப் போடுங்கள்.

11. பழைய டெலிபோன் கேபிள் ஒண்ணு ஏற்கெனவே மண்ணுல கிடக்கு. அதுலயே நெட் கொண்டு போக முடியாதா?

முடியும். போன் கம்பியில் நெட் அனுப்புகிற பெட்டிகளை விடிஎஸ்எல் எக்ஸ்டெண்டர் என்று ஜோடியாக விற்கிறார்கள். ஒன்று இந்த முனையில், ஒன்று அந்த முனையில், நடுவே ஒரே ஒரு போன் ஜோடி. 300 மீட்டருக்குள், கம்பி நல்ல நிலையில் இருந்தால் 100 எம்பிபிஎஸ் ஒட்டி வரும். ஒரு கிலோமீட்டர் என்றால் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தோண்டவே முடியாத இடங்களில், தார் ரோடோ கான்கிரீட் தளமோ குறுக்கே இருக்கிற இடங்களில், இது நல்ல உதவி.

வாங்குவதற்கு முன்னால் அந்த ஜோடியைச் சோதியுங்கள். இரண்டு முனையையும் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டு கம்பிக்கும் நடுவே ஓம் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது காட்டினால் நடுவில் எங்கோ ஈரம் ஏறியிருக்கிறது. அதே கேபிளில் வேறு ஜோடி இருந்தால் அதைப் பாருங்கள்.

12. நேரடியா புதைக்கற கேபிள்னு நீங்கதான சொன்னீங்க, அப்புறம் பைப் எதுக்கு?

கேபிளுக்காக இல்லை, உங்களுக்காக. இந்த வேலையில் கேபிளுக்கு ஆகிற செலவு சிறியது, பள்ளத்துக்கு ஆகிற செலவும் சிரமமும்தான் பெரியது. நேரடியாகப் புதைத்தால் அந்தக் கேபிள் போகிற அன்று மறுபடி முழுப் பள்ளம். பைப் இருந்தால் பழையதை உருவி எடுத்துவிட்டுப் புதியதை நுழைத்துவிடலாம். கல் குத்தாது, மண்வெட்டியும் சட்டென்று இறங்காது.

50 மில்லிமீட்டர் பைப் போடுங்கள். 25 போதுமே என்று தோன்றும். ஆனால் கேபிள்களின் மொத்தப் பருமன் பைப்பின் உள்வெளியில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் இழுப்பது கஷ்டம் என்பது பொதுக் கணக்கு. வளைவுகளுக்கு செங்கோண எல்போ வேண்டாம், நீளமாக வளைகிற பெண்ட் போடுங்கள். இரண்டு வளைவுக்கு மேல் போனாலோ முப்பது மீட்டரைத் தாண்டினாலோ நடுவில் ஒரு சேம்பர் (திறந்து பார்க்க மூடி போட்ட சிறு தொட்டி) கட்டுங்கள். கேபிளோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள். அடுத்த முறை புதுக் கேபிள் போடும்போது அந்தக் கயிறுதான் அதை இழுத்து வரும். அப்போது இன்னொரு கயிற்றையும் கட்டி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதோடு தீர்ந்தது.

பைப் போட்டுவிட்டோமே என்று 1-வது கேள்வியில் வருகிற வீட்டுக் கேபிளை உள்ளே விடாதீர்கள். பைப்புக்குள்ளும் தண்ணீர் நிற்கும். 14-வது பதிலில் சொல்கிறேன்.

13. எவ்வளவு ஆழம் தோண்டணும்? கரண்ட் கேபிளும் அதே பள்ளத்துல போட்டுடலாமா?

நடைபாதை, தோட்டம் என்றால் 45 முதல் 60 சென்டிமீட்டர். வண்டி ஏறுகிற இடத்தில் 60-க்குக் குறையக் கூடாது, கனமான பைப்பாகவும் இருக்க வேண்டும். அடியில் கல் இல்லாமல் மணல் பரப்பி, பைப்பை வைத்து, மேலேயும் மணல் போட்டு மூடுங்கள். பைப்புக்கு மேலே முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் எச்சரிக்கை டேப் விரியுங்கள். பின்னால் தோண்டுகிறவர் கையில் முதலில் டேப் வர வேண்டும், கேபிள் இல்லை.

கரண்ட் கேபிள் அதே பள்ளத்தில் போகலாம், அதே பைப்பில் கூடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 30 சென்டிமீட்டர் மண் இருக்கட்டும். கரண்ட் அடியில், இது மேலே. கரண்ட் கேபிளுக்கு என்ன ஆழம் என்பது உங்கள் இடத்து மின்விதியில் இருக்கும், அதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் செய்யுங்கள். ஃபைபருக்குக் கரண்டால் இரைச்சல் வராது என்றாலும் இடைவெளி வேண்டும், நாளைக்கு ஃபைபரைச் சரிசெய்ய இறங்குகிறவர் உயிருக்காக.

தோண்டுவதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே என்னென்ன போகிறது என்று விசாரித்துவிடுங்கள். தண்ணீர், கழிவுநீர், கேஸ், கரண்ட் எல்லாமே. தெரியாத இடத்தில் கடப்பாறையை வீசாதீர்கள்.

14. பைப்புக்குள்ள தண்ணி வராம எப்படித் தடுக்கறது?

தடுக்க முடியாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் நிம்மதி. எவ்வளவு இறுக்கமாக ஒட்டினாலும் உள்ளே இருக்கிற காற்றின் ஈரமே குளிர்ந்து தண்ணீராகும். அதனால்தான் பைப்புக்குள்ளும் மண் தாங்குகிற கேபிளே வேண்டும் என்கிறேன். செய்யக்கூடியது, பைப்பை ஒரு பக்கமாகச் சற்றே சரித்து வைத்து, தாழ்ந்த பக்கத்தில் அடியில் ஜல்லி போட்ட சேம்பர் வைப்பது. வந்த தண்ணீர் அங்கே இறங்கிவிடும்.

அதைவிட முக்கியம், பைப் கட்டடத்துக்குள் நுழைகிற வாயை அடைப்பது. அடைக்காவிட்டால் மழை நாளில் அந்தப் பைப்பே உங்கள் அறைக்குள் தண்ணீர் கொண்டுவரும் குழாயாகிவிடும். பூச்சி வரும். பக்கத்தில் கேஸ் கசிந்தால் அதுவும் வரும். சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள், பின்னால் கேபிள் மாற்ற முடியாது. இதற்கென்றே பிய்த்தெடுக்கக்கூடிய புட்டி கிடைக்கிறது.

15. கேபிள் பாதியில சிக்கிக்கிச்சு. ரெண்டு பேரா சேர்ந்து இழுக்கலாமா?

வேண்டாம். லேன் கேபிளை இழுக்கிற விசைக்கு எல்லை 110 நியூட்டன், கிட்டத்தட்ட பதினோரு கிலோ எடையைத் தூக்குகிற அளவுதான். அதற்கு மேல் போனால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு நீண்டு கலைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, வேகம்தான் வராது. ஃபைபர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் விவரத் தாளில் இருக்கும்.

சிக்கினால் ஒரு முழம் பின்னால் தள்ளி மறுபடி இழுங்கள். கேபிளுக்கான வழுக்குப் பசை தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் உறையை அரிக்கும். ஒருவர் இந்த முனையில் நின்று முறுக்கு விழாமல் ஊட்ட வேண்டும், மற்றவர் அந்த முனையில் சீராக இழுக்க வேண்டும். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே செய்வது நல்லது. இழுக்கும்போது ஃபைபர் கேபிளின் வளைவு ஆரம் அதன் விட்டத்தைப் போல இருபது மடங்குக்குக் குறையக் கூடாது. பதித்த பிறகு பத்து மடங்கு போதும்.

16. எலி, கரையான் கடிக்காதா?

கடிக்கும். பைப் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம், வாய் இரண்டையும் 14-ல் சொன்னபடி அடைத்திருந்தால். எலித்தொல்லை அதிகம் என்றால் இரும்புத் தகடு சுற்றிய ஆர்மர்ட் ஃபைபர் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தகடு ஒரு கம்பிதான், இடியைத் தடுக்க ஃபைபர் போட்ட நோக்கமே அதனால் கெடும். அதைப் போட்டால் நுழைகிற இடத்தில் தகட்டை எர்த் செய்ய வேண்டும், கருவி வரை கொண்டுவரக் கூடாது. உலோகமே இல்லாமல் கண்ணாடி நாரால் கவசம் போட்ட ரகம் கிடைத்தால் அதற்கே என் ஓட்டு.

17. மண்வெட்டி பட்டு அறுந்திருச்சு. அங்கேயே ஜாயிண்ட் போட்டு டேப் சுத்திடலாமா?

டேப் சுற்றிய ஜாயிண்ட் அடுத்த மழைக்கு உங்களை மறுபடி தோண்ட வைக்கும். போன் கேபிள் என்றால் ஜெல் உள்ள ஸ்காட்ச்லாக் வகைக் கனெக்டர்களில் ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்து, ஜெல் ஊற்றி மூடுகிற பெட்டிக்குள் வைக்கலாம், அது வருடக்கணக்கில் நிற்கும். லேன் கேபிளை அப்படிச் சேர்த்தால் ஜிகாபிட் வருமென்று சொல்ல முடியாது. பைப்பில் இருந்தால் உருவிவிட்டுப் புதியது போடுங்கள்.

ஃபைபர் அறுந்தால் இழையை உருக்கி ஒட்டுகிற ஃப்யூஷன் மெஷின் வைத்திருப்பவரை அழைக்க வேண்டும். நன்றாக ஒட்டினால் அங்கே ஆகிற இழப்பு 0.1 டெசிபெல்லுக்குள்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒட்டிய இடத்தை மண்ணுக்குள் விடாமல் சேம்பருக்குள், தண்ணீர் புகாத பெட்டியில் வையுங்கள்.

18. டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது. ஆனா வேகம் 100-க்கு மேல ஏறவே இல்லை. ஏன்?

செம்பில் அடிக்கடி வரும் புதிர் இது. லைட் எரிகிற டெஸ்டர் இந்தக் கம்பி அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கிரிம்ப் செய்தவர் நிற வரிசையை விட்டுவிட்டு, ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி போட்டிருந்தால் எட்டு லைட்டும் அழகாக வரிசையில் எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டியது வேறு வேறு முறுக்கில் போய்விடும். முனைகளை ஆரஞ்சு, பச்சை, நீலம், பச்சை, பழுப்பு என்கிற சரியான வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

வரிசை சரியாக இருந்தும் 100-ல் நின்றால், நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி தொடர்பு சரியில்லை என்று பொருள். நான்கு ஜோடியும் பேசாவிட்டால் ஸ்விட்ச் தானாக 100-க்கு இறங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கனெக்டரை வெட்டிப் புதிது போட்டும் மாறாவிட்டால், 15-ல் சொன்ன மாதிரி இழுத்ததில் பழுதாகியிருக்கலாம், அல்லது 1-ல் சொன்ன தண்ணீர்.

19. அந்தக் கட்டடத்துல கரண்ட் இல்லை. கேபிள் வழியாவே கரண்ட் அனுப்ப முடியாதா?

செம்பு லேன் கேபிளில் பி.ஓ.இ முறையில் அனுப்பலாம். ரகத்தைப் பொறுத்து அனுப்பும் முனையில் 15.4 வாட், 30 வாட், 90 வாட் வரை. ஒரு கேமராவுக்கோ வைஃபை பெட்டிக்கோ தாராளம். ஃபைபரில் முடியாது. காவல் கூண்டு மாதிரியான இடத்துக்கு, தூரம் 90 மீட்டருக்குள் என்றால், இதற்காகச் செம்பு போடுவது நியாயம்தான். 6-வது பதிலை ஒழுங்காகப் பின்பற்றுங்கள்.

கரண்ட் இருக்கிற கட்டடமானாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரலை நெட்டாக மாற்றியிருந்தால் கரண்ட் போனதும் போனும் போய்விடும். ரூட்டர், இரண்டு கன்வர்ட்டர், ஸ்விட்ச், ஏடிஏ எல்லாமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், இரண்டு கட்டடத்திலும். வயதானவர்கள் தனியாக இருக்கிற கட்டடம் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபத்து நேரத்தில் அந்தப் போன் பேச வேண்டும்.

20. அங்க இன்னொரு ரூட்டர் வெச்சேன். நெட் வருது, ஆனா இங்க இருக்கற பிரிண்டர் அங்க தெரியல.

லைன் நன்றாக இருக்கிறது. இரண்டாவது ரூட்டர் தனக்கென்று தனி நெட்வொர்க் உண்டாக்கி, நடுவே சுவர் எழுப்பியிருக்கிறது. அதை வைஃபை மட்டும் கொடுக்கிற ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற வசதி) அணைத்து, முதல் ரூட்டரோடு மோதாத ஒரு ஐபி முகவரி கொடுத்து, கேபிளை WAN என்று எழுதிய துளையிலிருந்து LAN என்று எழுதிய துளைக்கு மாற்றுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக வைத்தால் போன் தானே மாறிக்கொள்ளும்.

21. இவ்வளவு தோண்டறதுக்கு வயர்லெஸ் வெச்சா என்ன?

இரண்டு கட்டடத்துக்கும் நடுவே மரமோ சுவரோ இல்லாமல் நேராகத் தெரிந்தால், ஜோடியாக வருகிற பாயிண்ட் டு பாயிண்ட் பெட்டிகள் நன்றாகவே வேலை செய்யும். வாடகை இடம், தற்காலிக ஏற்பாடு என்றால் நானே அதைத்தான் சொல்வேன். சொந்த இடம், பல வருடத் தேவை என்றால் தோண்டுங்கள். மரம் வளரும், கனமழையில் உயர் அலைவரிசைப் பெட்டிகள் தடுமாறும்.

22. எல்லாம் போட்டாச்சு. பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

இரண்டு முனையிலும் கருவிகளைச் செருகி, உண்மையான வேகத்தில் ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பாருங்கள். ஃபைபரில் மிச்சமிருக்கிற கோர்களையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், நாளைக்குத் தேவைப்படும்போது அவை உயிரோடு இருக்க வேண்டும். விட்டுவைத்த கயிறு இரு முனையிலும் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

உலோகமில்லாத ஃபைபரைப் பின்னால் சாதாரணக் கேபிள் தேடும் கருவியால் மண்ணுக்கு மேலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பைப்பின் மேல் ஒரு ஒற்றைக் கம்பியை ஓட்டி வைத்தால் அதை வைத்துத் தடம் பிடிக்கலாம். அந்தக் கம்பியின் இரண்டு முனையும் வெளிச்சுவர்ப் பெட்டியிலேயே முடிய வேண்டும், எதிலும் கட்டாமல். உள்ளே கொண்டுவந்தால் 4-ல் சொன்ன பாதை மறுபடி உண்டாகிவிடும்.

பள்ளம் திறந்திருக்கும்போதே, பக்கத்தில் அளவு டேப் விரித்து வைத்துப் படம் எடுங்கள். சுவர் மூலையிலிருந்து எத்தனை மீட்டர், எந்த மரத்துக்கு எந்தப் பக்கம், எங்கே வளைகிறது, எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் வரைந்து தேதி போடுங்கள். மரத்தை வெட்டிவிடலாம், அதனால் குறைந்தது இரண்டு அளவாவது சுவரிலிருந்து இருக்கட்டும். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கட்டடத்திலும் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பிறகு மணலைத் தள்ளலாம்.